நாட்டுக்கோழிக்குச் சீக்கு வராதா? வம்சமும் நோய் எதிர்ப்பும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி பத்துக் கோழி மேய விட்டிருக்க ஆச்சியில இருந்து மெஸ்ஸுக்குக் கறிக்கோழி போடுற சின்னப் பண்ணைக்காரங்க வரைக்கும் சுத்திச் சுத்தி ஒன்னத்தான் கேக்குறாங்க, சீக்கு தாங்குற வம்சம்னு ஒன்னு இருக்கா, இருந்தா அதை எப்படிப் புடிக்கிறது. இருக்கு. ஆனா ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா இருக்கு, அதுவும் போக தாய்க்கோழிகிட்ட இருந்து குஞ்சுக்கு வர்றதெல்லாம் வம்சம் கிடையாது. இந்த ரெண்டும் புரியாமத்தான் பாதிப்பேரு தப்பான கோழியை அடை வைக்கிறாங்க. விவரமா கீழ பாருங்க.

நாட்டுக்கோழின்னா சீக்கே வராதுங்குறாங்களே, நெசமா?

நெசமில்ல. வெள்ளைக்கழிச்சல் ஒரு தெருவுக்குள்ள பூந்துச்சுன்னா சிறுவிடை, பெருவிடை, அசில்னு பேதம் பாக்காது, தடுப்பூசி போடாத கூட்டத்துல முக்காவாசியும் போயிரும், சில நேரம் ஒன்னுகூட மிஞ்சாது. இந்த நோய் 1926-ல ஜாவாவுலயும் இங்கிலாந்து நியூகாசில்லயும் தெரிய வந்துச்சு, அடுத்த வருசமே நம்ம நாட்டுல இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்ங்குற ஊர்ல வந்துருச்சு, அதனாலதான் டாக்டருங்க ராணிக்கேத்னு சொல்றாங்க.

நாட்டுக்கோழி வெயில் தாங்கும், குப்பையைக் கிண்டிப் பொழைச்சுக்கும், பருந்தைப் பாத்தா ஒளிஞ்சுக்கும், பூச்சி புழுவோடயே வளர்றதால ரத்தக்கழிச்சல் (குடல்ல வர்ற ஒட்டுண்ணி நோய்) மாதிரி சிலதுக்குச் சின்ன வயசுலயே கொஞ்சங் கொஞ்சமா பழகிக்கும். அதெல்லாம் உண்மை. ஆனா வீரியமான ராணிக்கேத் வைரசைத் தன் ஒடம்பால மட்டும் முழுசா எதிர்த்து நிக்கிற இனம்னு ஒன்னு எங்கயும் கிடையாது.

அப்ப வம்சத்துக்கு வேலையே இல்லையா?

நெறைய இருக்கு. இதுக்கு மேரக்ஸ் நோயை விடத் தெளிவான உதாரணம் வேற இல்ல. ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் 1907-ல எழுதி வச்ச நோய் இது. ரெண்டு மூனு மாசத்து வெடக்கோழி திடீர்னு ஒரு காலை முன்னாடியும் ஒரு காலைப் பின்னாடியும் நீட்டிக்கிட்டுப் படுத்துரும், இறக்கை தொங்கும், அறுத்துப் பாத்தா ஈரல்ல கட்டி இருக்கும். நம்ம ஊர்ல வாதம்னு சொல்லி நல்லெண்ணெய் தேச்சுக்கிட்டு இருப்பாங்க, பாவம். ஹெர்பிஸ் வகை வைரஸ் அது, எறகு வேர்ல இருந்து உதிர்ற தூசியிலயே பரவும், கொட்டகைத் தூசியில மாசக்கணக்குல உசுரோட கிடக்கும்.

இந்த நோய்ல ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே வைரஸ் இருந்தும் ஒரு குடும்பத்துக் கோழி பெரும்பாலும் தப்பிக்கும், இன்னொரு குடும்பத்துக் கோழி கொத்துக் கொத்தா சாகும். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல 1930-கள்லயே இந்த மாதிரி கட்டி நோய்க்குத் தாங்குற குடும்பம், தாங்காத குடும்பம்னு பிரிச்சுத் தலைமுறை தலைமுறையா வளத்தாங்க. பின்னாடி அங்க உருவான ரெண்டு வம்சத்தோட ரத்தத்தைச் சோதிச்சப்ப தாங்குற பக்கம் பி21-னு ஒரு ரத்த வகையும், தாங்காத பக்கம் பி19-னு ஒரு வகையும் இருந்துச்சு. பி21 இருந்தா மேரக்ஸ் வராதுன்னு அர்த்தம் இல்ல, வைரஸ் ஒடம்புக்குள்ள போகும், ஆனா கட்டியா மாறுறது ரொம்பக் கம்மி.

இந்த பி21, பி19-ங்குறது என்ன?

கோழிக்கு 39 ஜோடி குரோமோசோம், அதுல 16-வதுல ஒரு சின்ன இடத்துல எம்.எச்.சி-ன்னு ஒரு ஜீன் கூட்டம் இருக்கு. ஒடம்புக்குள்ள வந்த கிருமியைத் துண்டு துண்டாக்கி நோய் எதிர்ப்பு செல்லுக்கு எடுத்துக் காட்டுறது இதோட வேலை. மனுசனுக்கும் இருக்கு, ஆனா நமக்கு இது பெரிய கூட்டம், ஒன்னு கோட்டை விட்டாலும் இன்னொன்னு புடிச்சுரும். கோழிக்கு அந்தக் கூட்டம் ரொம்பச் சின்னது, முக்கியமா வேலை செய்ற ஜீன் ஒன்னு ரெண்டுதான், அதனால கையில என்ன வகை வந்துருக்கோ அதை வச்சே அந்த நோய்ல பொழைப்பு இருக்கான்னு ஆகிப்போகுது. கோழியில வம்சத்தோட கை இவ்வளவு பளிச்சுன்னு தெரியுறதுக்குக் காரணம் அதுதான்.

இது இல்லாம வேற வழியும் உண்டு. லூக்கோசிஸ்னு ஒரு ரத்தப் புத்துநோய், அந்த வைரஸ் செல்லுக்குள்ள நுழையணும்னா செல் மேல அதுக்குன்னு ஒரு புரதம் வேணும். சில கோழிக்கு அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுலயும் அந்தப் புரதத்தோட ஜீன் பழுதாகி வந்துருக்கும், வைரசுக்கு உள்ள போக வாசலே இருக்காது. ஆனா அந்த வைரஸ்லயே ஏ, பி, சி, ஜேன்னு பல பிரிவு, ஏ பிரிவுக்கு அடைபட்ட வாசல் ஜே பிரிவுக்குத் தொறந்தே கிடக்கும்.

ஒரு நோய்க்குத் தாங்குற கோழி எல்லாத்துக்கும் தாங்குமா?

தாங்காது. வெள்ளை லெகார்ன் குஞ்சு புல்லோரம்ங்குற குஞ்சுக் கழிச்சலை (இது பாக்டீரியா, ராணிக்கேத் வேற) ரோட் ஐலண்ட் ரெட் மாதிரி கனத்த இனங்களை விட நல்லாத் தாங்கும், மொத வாரத்துல அதோட ஒடம்புச் சூடு சீக்கிரம் ஏறிர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அந்தக் காலத்துலயே கண்டுபுடிச்சாங்க. சரி, லெகார்ன் கெட்டின்னு நெனச்சா கம்போரோங்குற வைரஸ் நோய்ல அதே லெகார்ன்தான் பிராய்லரை விட அதிகமா சாகுது. "எல்லா நோய்க்கும் எதிர்ப்பு சக்தி உள்ள ஒரிஜினல் வம்சம்"னு எவனாச்சும் குஞ்சுக்குக் கூட ஐம்பது ரூவா கேட்டா குடுக்காதீங்க.

தாய்க்கோழி கெட்டியா இருந்தா குஞ்சும் கெட்டியாத்தான இருக்கும்?

இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். முட்டை வழியா குஞ்சுக்கு மூனு சங்கதி வருது, மூனும் வேற வேற.

ஜீன், அது ஒன்னு. சாகுற வரைக்கும் இருக்கும், அடுத்த தலைமுறைக்கும் போகும். இதுதான் வம்சம்.

ரெண்டாவது, தாய் ரத்தத்துல இருக்க ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க ஒடம்பு செய்ற புரதம்) மஞ்சக்கருவுல எறங்கி குஞ்சுக்குப் போறது. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலோ அந்தச் சீக்கு வந்து தேறியிருந்தாலோ குஞ்சுக்கு ரெண்டு மூனு வாரத்துக்கு ஒரு காவல் இருக்கும், அப்புறம் கரைஞ்சு போயிரும். மூனு வாரம் வரைக்கும் ஒரு குஞ்சுகூடச் சாகல, என்ன வம்சம் பாருன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நாலாவது வாரத்துல வரிசையா உக்காருதுன்னா அது வம்சம் கெட்டுப் போனதில்ல, தாய் குடுத்தது தீர்ந்து போச்சு, அம்புட்டுத்தான். கூடவே இன்னொன்னு, தாய் ஆன்டிபாடி ரொம்ப இருக்கும்போது குஞ்சுக்கு மருந்து விட்டா அந்தத் தடுப்பூசி வைரசையே அது அமுக்கிரும், அதனாலதான் மொத வாரம் ஒருதடவை விட்டதோட நிக்காம மறுபடியும் விடச் சொல்றாங்க.

மூனாவது, கிருமியே முட்டைக்குள்ள வர்றது. புல்லோரம், மைக்கோபிளாஸ்மாங்குற சளி, லூக்கோசிஸ் எல்லாம் தாய்கிட்ட இருந்து முட்டை வழியா எறங்கும். ஒரு கோழியோட குஞ்செல்லாம் தலைமுறை தலைமுறையா கர்ர் கர்ர்னு இழுத்தா "இது சளி வம்சம்"னு சொல்றோம், ஜீன்ல ஒன்னுமே இருக்காது, கிருமிதான் முட்டையில ஏறி வந்துக்கிட்டு இருக்கும். மேரக்ஸ் இதுக்கு நேர் எதிர், அது முட்டை வழியா வராது, குஞ்சு பொரிச்சதுக்கப்புறம் தூசியில இருந்துதான் புடிக்கும். அதனால ஒரு தாயோட குஞ்சு மட்டும் அடுத்தடுத்த ஈட்டுலயும் கால் இழுத்துச் சாகுது, அதே கொட்டகையில மத்த தாயோட குஞ்சு நல்லா இருக்குன்னா அங்க வம்சத்தைச் சந்தேகப்படலாம்.

சீக்குல பொழைச்ச கோழியை வச்சு குஞ்சு எடுக்கலாமா? அது கெட்டியான கோழிதான?

என்ன சீக்குன்னு பொறுத்து. சளியில தேறுன கோழி, புல்லோரத்துல தேறுன கோழி ரெண்டையும் அடைக்கு விடவே கூடாது, பாக்க நல்லா இருக்கும், ஆனா உள்ள கிருமியைச் சொமந்துக்கிட்டு முட்டைக்கு முட்டை எறக்கி விடும். கறிக்குப் போடுங்க.

அம்மை வந்து தேறுனது, ரத்தக்கழிச்சல்ல தேறுனது இதெல்லாம் வைக்கலாம். வெள்ளைக்கழிச்சல்ல நூத்துல ரெண்டு பொழைச்சிருந்தா அதை வீரன்னு கொண்டாடுறதுக்கு முன்னாடி யோசிங்க, அது அன்னைக்கு மரத்து மேல அடைஞ்சிருக்கலாம், கிருமி கம்மியாப் பட்டிருக்கலாம், எப்பவோ ஒருதடவை முகாம்ல மருந்து வாங்கியிருக்கலாம். பொழைச்சதெல்லாம் ஜீனாலதான் பொழைச்சுச்சுன்னு சொல்ல முடியாது. தேறுனதுல கழுத்து திருகிக்கிட்டே நிக்கிற கோழி இருந்தா அதுக்குத் தனியா தீனி குடுத்துப் பாத்துக்கங்க, அடைக்கு வேணாம்.

வம்சத்துக்குச் சேவல் முக்கியமா, பொட்டை முக்கியமா?

ஜீன் கணக்குல பாதிக்குப் பாதி. ஆனா ஒரு சேவலுக்கு வருசத்துல நூறு இருநூறு குஞ்சு, ஒரு பொட்டைக்கு அடை வச்சா இருபது முப்பது, அதனால தேர்ந்தெடுக்கிறப்ப சேவல்ல கண்ணு இருந்தா சீக்கிரம் மாத்தம் தெரியும். ஆன்டிபாடியும் முட்டைக் கிருமியும் பொட்டை வழியா வர்ற சமாச்சாரம், அதனால சளி இல்லாத தாய் வேணும். நம்ம பக்கம் சேவலைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா நிறம், கால், கொண்டை, சண்டைக் குணம் இதத்தான் பாக்குறாங்க, அதோட கூடப் பொறந்தது எத்தன செத்துச்சுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.

ஒரே சேவலை வருசக்கணக்கா வச்சிருக்கேன், குஞ்சு சாவு கூடிக்கிட்டே போகுது, சம்பந்தம் இருக்கா?

கட்டாயம் இருக்கும். ஒரு சேவல் பத்துப் பொட்டைன்னு மூடுன கூட்டமா வச்சா ஒவ்வொரு தலைமுறைக்கும் கிட்டத்தட்ட 14 சதவீதம் சொந்தத்துக்குள்ள ரத்தம் கலக்குது. நாலு சேவல் இருபது பொட்டைன்னா அதே கணக்கு 4 சதவீதத்துக்குள்ள நின்னுரும். அப்பன் சேவலையே மக வெடைக்கு விட்டா ஒரே அடியில 25 சதவீதம். இப்படி ஆகுறப்ப மொதல்ல அடிபடுறது குஞ்சு பொரிப்பும் குஞ்சு பொழைப்பும்தான், எடை எல்லாம் அப்புறம். முன்ன சொன்ன எம்.எச்.சி-யும் எல்லாக் கோழிக்கும் ஒரே வகையா ஆகிப்போகும், அதுக்குத் தோதான ஒரு கிருமி வந்தா மொத்தக் கூட்டமும் சேந்து படுத்துரும்.

வைத்தியம் லேசு. வருசத்துக்கு ஒருதடவை சேவலை மாத்துங்க, சம்பந்தமில்லாத ஊர்ல இருந்து. புதுக்கோட்டைப் பக்கம் ஒருத்தர், தேவகோட்டைப் பக்கம் ஒருத்தர்னு நாலஞ்சு பேரு சேந்து சேவலை வட்டமா சுத்த விடுறது இன்னும் நல்லது. வர்ற சேவலை மூனு வாரமாச்சும் தனியாக் கட்டிப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் சேருங்க. சந்தையில இருந்து வாங்கிட்டு வந்து அன்னைக்கு ராத்திரியே பஞ்சாரத்துல சேத்துக் கவுத்துறது, அய்யனாருக்கு நேந்து விடுறதுக்குன்னு வாங்குன கோழியை ரெண்டு நாள் கூட்டத்தோட மேய விடுறது, இந்த ரெண்டுலதான் நம்ம ஊர்ல முக்காவாசி வெள்ளைக்கழிச்சல் உள்ள வருது.

கருங்கோழிக்குச் சீக்கு வராதாமே? கழுத்தறுத்தான் கோழிக்கும்?

கருங்கோழிங்குற கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி, கறியும் எலும்பும் கருப்பா இருக்கது 20-வது குரோமோசோம்ல இருக்க ஒரு மாத்தத்தால. அது நிறத்துக்கான ஜீன், சீக்குக்கானது இல்ல. கடக்நாத்துக்கும் ராணிக்கேத் வரும், அம்மை வரும்.

கழுத்துல முடி இல்லாத கோழி விசயம் கொஞ்சம் வேற. அந்த ஒரு ஜீன் ஒடம்பு எறகையே கொறைக்குது, ஒரு பக்கம் இருந்து மட்டும் வந்தா அஞ்சுல ஒரு பங்கு, ரெண்டு பக்கமும் வந்தா நாப்பது சதவீதம் வரைக்கும். சித்திரை வெயில்ல இந்தச் செம்மண் பொட்டல்ல ஒடம்புச் சூடு வெளிய போறதுக்கு அது பெரிய ஒதவி, சூட்டுல வாடாத கோழிக்கு எதிர்ப்பும் கொறையாது. நேரடியா கிருமியை எதிர்க்குற ஜீன்னு நெனச்சுராதீங்க. நம்ம பக்கத்து மேய்ச்சல் கோழிக்கு இந்த குணம் நல்ல குணம்னு நான் சொல்வேன், விக்கிறப்ப மட்டும் பாக்க லட்சணமா இல்லன்னு விலை கொறைப்பாங்க.

பிராய்லருக்கு ஏன் எதிர்ப்பு கம்மி?

வேகமா எடை போடணும்னு மட்டும் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்தா தீனியில வர்ற சத்து கறிக்கே போகுது. பழைய 1957-ம் வருசத்து வம்சத்தையும் புது வம்சத்தையும் பக்கத்துல வச்சு வளத்துப் பாத்தப்ப புதுசுக்கு ஆன்டிபாடி கம்மியா வந்துச்சு. அதுக்காக பிராய்லர் எல்லாம் நோஞ்சான் இல்ல, கம்பெனிக்காரங்க இப்ப பொழைப்பையும் பாத்துத்தான் தேர்ந்தெடுக்குறாங்க.

சின்ன அளவுல வச்சிருக்க நான் எப்படி நல்ல வம்சத்தைத் தேர்ந்தெடுக்கிறது?

சாகாம இருக்கதுங்குறது வம்சத்தால வர்றது ரொம்பக் கம்மி, பொதுவா பத்துல ஒரு பங்கு சுத்தி, மிச்சம் எல்லாம் தண்ணி, தீனி, கூட்டம், கிருமி எவ்வளவு பட்டுச்சுங்குறது. அதனால ஒத்தைக் கோழியைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, குடும்பத்தைப் பாருங்க. பொண்ணு பாக்கப் போனா வீட்டையும் வம்சத்தையும் விசாரிக்கிறோம்ல, அதே மாதிரி.

ஒவ்வொரு தாயோட குஞ்சுக்கும் ஒரு அடையாளம் வைங்க, பொரிச்ச அன்னைக்கே கால் விரல் இடுக்கு ஜவ்வுல சின்ன ஓட்டை போட்டா பெருசானாலும் இருக்கும், இல்லாட்டி காலுக்குக் கலர் வளையம். ஒரு நோட்டுல எந்தத் தாய், எத்தன பொரிச்சது, அஞ்சு மாசத்துல எத்தன மிச்சம், செத்தது எதால செத்துச்சு. பருந்து தூக்குனதையும் நாய் கடிச்சதையும் தனியா எழுதுங்க, அதை வம்சக் கணக்குல சேக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில தரை ஈரமா கிடக்குறப்ப ரத்தக்கழிச்சல் வரும், அப்ப எந்தக் குடும்பம் தாங்குச்சுன்னு பாக்குறதுக்கு அத விட நல்ல நேரம் கிடையாது. எகிப்து நாட்டு ஃபயூமி கோழி ரத்தக்கழிச்சலை மத்ததை விடத் தாங்கும்னு பல ஆராய்ச்சியில வந்துருக்கு, ஆக இதுல வம்சத்துக்குப் பங்கு உண்டு. பத்துக்கு எட்டு மிஞ்சுன குடும்பத்துல இருந்து சேவல் எடுங்க, பத்துக்கு மூனு மிஞ்சுன குடும்பத்துல எவ்வளவு அழகான சேவல் நின்னாலும் அதைக் கொழம்புக்கு அனுப்பிருங்க. மூனு நாலு தலைமுறை விடாம செஞ்சாத்தான் வித்தியாசம் தெரியும், அதுக்கு முன்னாடி தெரிஞ்சா அது பெரும்பாலும் மழை கம்மியா பேஞ்ச வருசமா இருக்கும்.

தடுப்பூசி போட்டா இயற்கையான எதிர்ப்பு வம்சம் கெட்டுப் போகாதா?

இந்தக் கேள்வியில கொஞ்சம் ஞாயம் இருக்கு. மேரக்ஸ் தடுப்பூசி கோழியைச் சாகாம காப்பாத்தும், ஆனா வைரஸ் பரவுறதை நிறுத்தாது. 2015-ல வந்த ஒரு ஆராய்ச்சியில, தடுப்பூசி போடாத கோழியை உடனே கொன்னுபோடுற வீரியமான வைரஸ், தடுப்பூசி போட்ட கோழிக்குள்ள ரொம்ப நாள் இருந்து பரவ முடியுதுன்னு காட்டுனாங்க. அதனாலதான் ஊசி போட்டாலும் நல்ல வம்சமும் வேணுங்குறோம், ரெண்டும் சேந்தாத்தான் வேலைக்காகும்.

ஆனா ராணிக்கேத்துக்கு "இயற்கையா விட்டு வடிகட்டுறேன்"னு கிளம்பிராதீங்க. வடிகட்டுறதுக்கு மிச்சம் ஒன்னும் இருக்காது. குஞ்சுக்கு மொத வாரம் கண்ணுல மூக்குல சொட்டு, நாலு வாரம் சுத்தி லசோட்டாங்குற தடுப்பு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல ஆர்.டூ.பி-ங்குற தடுப்பூசி, இது அடிப்படை. கால்நடைத் துறை முகாம் போடுறப்ப கோழியைப் புடிச்சு வச்சிருங்க, காசு கிடையாது. புடிக்கவே முடியாத மேய்ச்சல் கோழிக்குன்னு தீனியோட குடுக்குற குருணை மாதிரி மருந்தைக் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரங்க கண்டுபுடிச்சிருக்காங்க, டாக்டர்கிட்டக் கேளுங்க. மருந்தை ஐஸ்ல கொண்டு வரணும், பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தா வெறும் தண்ணிதான்.

பறவைக் காய்ச்சல்ல கோழி சாகுது, கம்மாயில மேயுற வாத்து ஏன் சாகல?

அதுவும் ஜீன்தான். ஃப்ளூ வைரஸ் உள்ள வந்ததும் மணியடிக்கிற ரிக்-ஐங்குற ஜீன் வாத்துக்கு இருக்கு, கோழிக்கு இல்ல. அறுவடை முடிஞ்சு கம்மாய்ல வாத்து மந்தை வர்றப்ப கோழியை அந்தத் தண்ணிப் பக்கம் விடாதீங்க, வாத்து நல்லா இருந்தாலும் வைரசைச் சொமக்கலாம்.

ஜீனை வெட்டி ஒட்டி சீக்கே வராத கோழி செய்ய முடியாதா?

செஞ்சு பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. 2023-ல எடின்பரோ ரோஸ்லின் ஆராய்ச்சிக்காரங்க ஃப்ளூ வைரஸ் பெருகுறதுக்குப் பயன்படுத்திக்கிற ஏ.என்.பி.32.ஏ-ங்குற ஜீன்ல சின்ன மாத்தம் பண்ணி, அந்தக் கோழிங்க கிட்ட ஃப்ளூவை விட்டுப் பாத்தாங்க, சாதாரண அளவுல பத்துல ஒன்பதுக்கு ஒட்டவே இல்ல. வைரசை ஆயிரம் மடங்கு கூட்டிக் குடுத்தப்ப பத்துல அஞ்சுக்கு வந்துருச்சு, அதோட வைரஸ் தன்னை மாத்திக்கவும் ஆரம்பிச்சுச்சு. ஒரு ஜீன் போதாது, ரெண்டு மூனு சேத்து மாத்தணும்னு அவங்களே சொல்றாங்க. நம்ம பஞ்சாரத்துக்கு வர்றதுக்கு வெகு காலம் ஆகும்.

நல்ல வம்சம்னு வெளியூர்ல இருந்து வாங்கணும்னா கோழியா வாங்கலாமா, முட்டையா?

முட்டை. உசுரோட வர்ற கோழி ராணிக்கேத், மேரக்ஸ், பேன் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வரும், முட்டையில அந்த வில்லங்கம் கம்மி. ஆனா சளியும் புல்லோரமும் முட்டையில வரும், அதனால வாங்குற எடத்துல தாய்க்கோழி மூக்கு ஒழுகுதா, ராத்திரி கூட்டுக்கிட்ட நின்னா இழுப்புச் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. அரசாங்க வம்சம் வேணும்னா நந்தனம் கோழி, நாமக்கல் கோழி, ஹைதராபாத்ல உருவாக்குன வனராஜா, கிராமப்பிரியா எல்லாம் இருக்கு, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிச்சா எங்க கிடைக்கும்னு சொல்வாங்க. அதுல ஒரு விசயம், வனராஜா, கிராமப்பிரியா கோழிங்க லேசுல அடை உக்காராது, நம்ம சிறுவிடை ஒன்னை வச்சுத்தான் அந்த முட்டையைப் பொரிக்க வைக்கணும், அந்தச் சிறுவிடைக்கும் பேன், சளி இல்லையான்னு மொதல்ல பாத்துக்கங்க.